ஃப்ரிட்ஜுக்கு அடியில் போன உருண்டை

கரண்டியிலிருந்து வழுக்கிய உருண்டை மேடையில் ஒரு துள்ளுத் துள்ளித் தரையில் விழுந்து, என் காலைத் தாண்டி, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது, சிவப்பாகக்கூட இல்லை, வெளிறிப்போன தர்பூசணி, கடைக்காரன் தட்டிக் காட்டிச் சத்தியம் பண்ணிக் கொடுத்தது, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு குனிகிறேன், இடுப்பு பிடித்துக்கொள்கிறது, விடுங்க அத்தை, ஒரு உருண்டை போனா போவுது என்கிறாள் மருமகள் தேன்மொழி, எறும்பு மொய்க்குமே, அதை யாரு பாக்கறது என்று கத்திக்கொண்டே உள்ளே விட்டுத் துழாவுகிறேன், தூசி வருகிறது, துருப்பிடித்த ஊக்கு ஒன்று வருகிறது, உருண்டை மட்டும் வரமாட்டேன் என்கிறது, மணி இரண்டரை, மூன்று மணிக்கு ஹாயுன் வந்துவிடுவாள், என்னிடம் இருப்பது பாதிப் பழமும் வீணாய்ப்போன பாலும்தான்.

பதிமூன்று வருஷம் ஆகிறது. ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பெரிய அதிகாரியாக இருந்த கொரியாக்காரர் வீட்டில் நான் வேலைக்கு இருந்தேன், ஹாயுன் அவருடைய ஒரே மகள், ஒரு வயதில் என் இடுப்பில் ஏறியவள், ஆறு வயதில் இறங்கி விமானத்தில் போய்விட்டாள், போனவள் போனவள்தான், ஒரு போன் இல்லை, இப்போது காலேஜ் சிநேகிதிகளோடு ஊர் சுற்ற வந்தவள் ஊருக்குத் திரும்புகிற வழியில் அரை மணி நேரம் உங்களைப் பார்க்க வருகிறாள் என்று அவள் அம்மா, எங்கள் மேடம், பழைய கம்பெனி ஆள் யாரிடமோ நம்பர் வாங்கித் தேன்மொழி போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார், அரை மணி நேரம், ஐந்து வருஷத்துக்கு அரை மணி நேரம், சரி, அதாவது கிடைத்ததே. அவளுக்கு என்னை நினைவிருக்குமா, இருந்தால் எதை வைத்து நினைவிருக்கும், அந்த ஒரு நாளை வைத்தா, அது மட்டும் வேண்டாம் கடவுளே என்று நேற்றிலிருந்து இதே ரோதனை, அதனால்தான் இந்த ஹ்வாச்சேவைச் செய்ய உட்கார்ந்தேன், வாயில் நுழையாத பேர், அவர்கள் ஊர்த் தர்பூசணிப் பானம், கோடை வந்தால் மேடம் தினமும் செய்வார், ஹாயுன் சோற்றைத் தள்ளிவிட்டு அதைக் குடிப்பாள், வாசனை பட்டாலாவது ஏதாவது ஞாபகம் வராதா என்று ஒரு நப்பாசை.

ஐந்து வருஷமும் பக்கத்திலேயே நின்றேன், ஆனால் செய்தவர் மேடம், உருண்டை தோண்டுவது மட்டும் என் வேலை, அந்தச் சமையலறை எப்போதும் ஜில்லென்று இருக்கும், பழத்தைப் பாதியாக வெட்டி வைப்பார், நான் குட்டிக் கரண்டியால் உருண்டை உருண்டையாகத் தோண்ட வேண்டும், காலியான பழத்தோலையே சட்டியாக்கி அதில் உருண்டைகளைக் கொட்டி, ரோஸ் நிறத்தில் ஸ்ட்ராபெரிப் பால் ஊற்றி, எலுமிச்சை சோடா ஊற்றி, ஐஸ் போடுகிறார், கலக்குகிறார், எனக்கும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஸ்பூன் போட்டுத் தருகிறார், வேணாம் மேடம் என்று நான் என் டம்ளரில் ஊற்றிக்கொள்கிறேன். அந்த வீட்டில் யாரும் என்னைத் தனி டம்ளர் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அதற்கு முன்னால் வேலை பார்த்த வீடுகளில் ஜன்னலோரம் எனக்கென்று ஒன்று கவிழ்த்து வைத்திருப்பார்கள், அந்தப் பழக்கத்தில் நானே எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், ஹாயுனுக்கு அந்த டம்ளர்தான் வேண்டும், தன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அதைப் பிடுங்குவாள், எனக்குத் திக்கென்று இருக்கும், வேலைக்காரி டம்ளரில் பிள்ளை வாய் வைத்ததை மேடம் பார்த்தால் என்ன ஆகும், வாய் வெச்சிக் குடிக்கக் கூடாது கண்ணு, அண்ணாந்து குடி, இப்பிடி, டம்ளரைத் தூக்கு, வாயைத் தொற, ஊத்து என்று சொல்லிக்கொடுக்கிறேன், முதலில் சட்டையெல்லாம் நனைகிறது, ஒரு வாரத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிக்கிறாள், எனக்கு அப்படி ஒரு பெருமை.

பால் திரிந்துபோய்விட்டது, அதுதான் சங்கதி, பச்சைப் பாலைப் பிள்ளைக்குக் கொடுப்பார்களா என்று காய்ச்சினேன், ஆறுவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை, சூட்டோடு எலுமிச்சை சோடாவை ஊற்றினேன், கண் முன்னாலேயே கட்டி கட்டியாகப் போய்விட்டது, ஆற வெச்சி ஊத்தியிருக்கலாமே அத்தை என்று தேன்மொழி இப்போது சொல்கிறாள், முன்னாலேயே சொல்வதற்கென்னவாம், காலையிலிருந்து கரண்ட் இல்லாமல் ஐஸ் தட்டில் வெறும் தண்ணீர் நிற்கிறது, ஃப்ரிட்ஜ் முழுக்க அவளுடைய மாவுக் குண்டான், வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன், பாவம் அவள் வெயிலில் இறங்கி ஓடி, பெட்டிக்கடையிலிருந்து பன்னீர் சோடாவும், பக்கத்து வீட்டிலிருந்து குளிர்ந்த பாலும், கெஞ்சிக் கேட்டு நாலு துண்டு ஐஸும் வாங்கி வருகிறாள், ஸ்ட்ராபெரிக்கு எங்கே போவது, ரோஸ்மில்க் எசென்ஸை ஊற்றுகிறேன், நிறம் வருகிறது, ருசி வரவில்லை, சர்க்கரை போடுகிறேன், திகட்டுகிறது, எனக்கு அழுகை வருகிறது, ஒரு குடிக்கிற சாமானுக்கு இத்தனை பாடா.

அந்த ஒரு நாள். அவள் அண்ணாந்து குடிக்கிறாள், நான் உருண்டைகளை வடிகட்டாமல் கொடுத்துவிட்டேன், என்னுடைய தப்புதான், ஒரு உருண்டை தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது, கண் பிதுங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, குப்புறப் போட்டு முதுகில் அறைகிறேன், மேடம் அவர் பாஷையில் அலறிக்கொண்டு ஓடி வருகிறார், உருண்டை வெளியே தெறித்து உருண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போகிறது, மேடம் என்னைப் பார்த்துக் கத்துகிறார், ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லாம் புரிகிறது, அந்தக் களேபரத்தில் ஹாயுன் கண்ணீரோடு தரையில் குப்புறப் படுத்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் கையை விட்டு உருண்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ஊரைக் காலி பண்ணினார்கள், மாற்றல் என்றார்கள், மாற்றலாகத்தான் இருக்கும், ஆனால் பதிமூன்று வருஷமாக எனக்கு அது மாற்றல் இல்லை.

அத்தை, கார் வந்திடுச்சி. ஆளுயரம் வளர்ந்திருக்கிறாள், கத்தரித்த முடி, வெள்ளைக் கால்சட்டை, வாசலிலேயே இடுப்பு வளையக் கும்பிடுகிறாள், கட்டிக்கொள்ள நீட்டிய என் கை பாதியில் நிற்கிறது, போனை எடுத்து அதில் ஏதோ பேசுகிறாள், போன் தமிழில் பேசுகிறது, வணக்கம், தாங்கள் என்னைச் சிறு வயதில் பராமரித்ததாக என் தாய் கூறினார், மிக்க நன்றி, மன்னிக்கவும், எனக்கு எதுவும் நினைவில் இல்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி சொல்கிறது அந்தச் சனியன் பிடித்த போன், எதுவும் நினைவில்லை, சரி, நல்லதுதான், அந்த நாளும் நினைவில்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டிய எனக்கு நெஞ்சு எரிகிறது, அந்த ஒரு நாளையாவது நினைவு வைத்திருக்கக் கூடாதா, திட்டுவதற்காகவாவது என்னை ஞாபகம் வைத்திருக்கக் கூடாதா. அதே எரிச்சலில் அடுக்களைக்குள் போய் ஊற்றி, என் பின்னாலேயே உள்ளே வந்துவிட்ட ஹாயுனிடம் நீட்டிவிட்டேன், கூடவே வந்த தேன்மொழி முறைக்கிறாள், கிண்ணமும் ஸ்பூனும் எடுத்து வெச்சேனே அத்தை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள், அப்போதுதான் பார்க்கிறேன், என் பழைய எவர்சில்வர் டம்ளர், உருண்டைகளோடு.

ஹாயுன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு கையால் டம்ளரை உயரத் தூக்கினாள், தலையைப் பின்னால் சாய்த்தாள், வாயைத் திறந்தாள், ஊற்றினாள், உதடு படவில்லை, ஒரு சொட்டுச் சிந்தவில்லை, வேண்டாம் கண்ணு, உருண்டை இருக்கு என்று கத்த வாயெடுப்பதற்குள் ஒரு உருண்டை வந்து அவள் மோவாயில் பட்டு, தரையில் விழுந்து, உருண்டு, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அவள் சிரித்துவிட்டாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடுகிறாள், போன் சொல்கிறது, மன்னிக்கவும், நான் எப்பொழுதும் இவ்வாறுதான் அருந்துகிறேன், என் நண்பர்கள் கேலி செய்வார்கள், ஏன் இவ்வாறு அருந்துகிறேன் என்று எனக்கே தெரியாது. இதை அந்தப் போனிடமா சொல்வது, அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கினேன், அண்ணாந்தேன், மிச்சத்தை என் தொண்டையில் ஊற்றினேன், திகட்டலான அந்தப் பால் உள்ளே இறங்குகிறது, டம்ளரை இறக்கியபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, டம்ளரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், பிறகு அந்த வெள்ளைக் கால்சட்டையோடு சடக்கென்று தரையில் குப்புறப் படுத்து, ஃப்ரிட்ஜுக்கு அடியில் கையை விட்டுத் தேட ஆரம்பித்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான், உருண்டை அகப்படவில்லை, தூசி படிந்த கையோடு எழுந்து அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு போனில் ஏதோ சொன்னாள், அது நீங்களா என்று கேட்டது போன், நான்தான் கண்ணு என்றேன், அதை அவளுக்குச் சொல்லப் போன் தேவைப்படவில்லை. கார் போய்விட்டது, பேச வேண்டியது ஆயிரம் இருந்தது, பாலைக் காய்ச்சித் தொலைத்ததிலேயே பாதி உயிர் போய்விட்டது, அவளுக்குச் சாப்பிட ஒரு முறுக்குகூட எடுத்துக் கொடுக்கவில்லை, என்னை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது, தேன்மொழி விளக்குமாற்றோடு வந்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் குனிகிறாள், ரெண்டு உருண்டை கெடக்குது அத்தை, எறும்பு வந்திடும், எடுத்துடறேன் என்கிறாள், வந்தா வரட்டும், இன்னிக்கு இருக்கட்டும் என்கிறேன்.