சிட்டாவுக்கு வீட்டுக்காவல்

கண்ணுசாமி தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்த காலத்தில், ஜீப்புக்கு அடியில் கிடந்த பூனைக்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். கேட்ட நிலச் சிட்டா கிடைக்கவில்லை. கிடைத்த குட்டிக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்.

இரண்டு வயதில் ஒருநாள் சிட்டா சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அரசாங்கம் கொடுத்த விலையில்லா மின்விசிறிக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்த அம்சம், "ஈறெல்லாம் வெளுத்துக் கெடக்குங்க. சங்கக் கூட்டம் எங்கயும் ஓடிடாது, மொதல்ல இதத் தூக்கிக்கிட்டுப் போங்க" என்று கணவரை விரட்டினாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளரான கண்ணுசாமி, மூடிபோட்ட கூடையோடு ஒரத்தநாடு பஸ் ஏறினார்.

கால்நடை மருத்துவமனையில் இளம் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். சந்தேகம் தீர இன்னொரு பரிசோதனையும் செய்தார்.

"ஐயா, இது பூனைங்களுக்கு வர்ற லுக்கீமியா வைரஸ். கிருமிய அடியோட ஒழிக்க மருந்து இல்ல. ஆனா இந்தச் சோர்வையும் ரத்தக் குறைவையும் சரிபண்ணப் பாக்கலாம். நல்லா பாத்துக்கிட்டா இன்னும் சில வருஷம் சந்தோஷமா இருக்கும்."

"எங்களுக்கு ஒட்டிக்குமாங்க?"

"மனுசங்களுக்கு வராது. பூனைக்குப் பூனை, எச்சில்லதான் பரவும். இனிமே வெளிய விடாதீங்க. வேற பூனையோட ஒரே தட்டுல சாப்பிட விடாதீங்க. மீனு கறி எதுவானாலும் வேகவச்சுக் குடுங்க."

மறியலில் பலமுறை உள்ளே போய் வந்தவர் கண்ணுசாமி. ஒரு உயிரை அடைத்துவைப்பது அவருக்கு ஒப்பவில்லை. பூம்புகார்த் தோழர் ஒருவரிடம் பழைய மீன்வலை வாங்கி, கொல்லைப்புறத்தைச் சுற்றியும் மேலேயும் இழுத்துக் கட்டினார். உள்ளே முருங்கைக் கட்டை ஒன்றை நட்டார், நகம் தீட்ட. மருந்து உள்ளே போனதும் சிட்டா எழுந்து வலை முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கட்டை மேல் ஏறி உட்கார்ந்தது.

"ஜெயிலு வசதியாத்தான் இருக்கு" என்று அம்சம் சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "ஏங்க, எதிர்வீட்டு மாது தெனம் இது தட்டுலதானே வாய் வச்சிச்சு?"

மாது, நீலாயதாட்சி டீச்சரின் பூனை. டீச்சர் குடும்பத்து நிலத்தைக் கண்ணுசாமியின் அப்பா குத்தகைக்கு உழுத காலத்தில் தொடங்கிய வழக்கு இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"கலெக்டர நேருக்கு நேரா கேள்வி கேக்குறீங்க. டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியலயா?"

கண்ணுசாமி சட்டையை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். கதவைத் திறந்த டீச்சரின் முகம் இறுகியது.

"கேஸ் விஷயம்னா வக்கீல்கிட்ட பேசிக்கோங்கோ."

"கேஸ் இல்லீங்க டீச்சர். பூனை."

டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். "எங்க வீட்லேர்ந்து உங்க வீட்டுக்கு வந்திருந்தா, அதுக்கு நான் வருத்தப்படுறேங்க" என்று முடித்தார்.

டீச்சர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "எங்காத்துலேர்ந்தும் அங்கே வந்திருக்கலாமே" என்றார் மெல்ல. பிறகு, "எந்த பஸ்? கூடை ஏதாவது இருக்கா உங்காத்துல?"

கூடையை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்துக் கொடுத்தாள் அம்சம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே டீச்சர், "மாதுவுக்கு இல்லையாம்! கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணுமாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினார். தான் அவ்வளவு சத்தம் போட்டதில் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

அடுத்த பரிசோதனையிலும் மாது தப்பியது. சிட்டாவுக்கு நோய் போகவில்லை; ஆனால் உடம்பில் சதை பிடித்து, வலைக்கு மேலே வந்து உட்காரும் மைனாக்களைத் திட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் டீச்சர் தயங்கித் தயங்கி வேலியோரம் வந்து நின்றார்.

"அம்சம், மாதுவுக்கும் சத்தான ஆகாரம் வேணும்னார் டாக்டர். தயிர்சாதம் போறாதாம். எங்காத்து அடுப்புல மீன்..."

"ஏறாதுங்களே!" அம்சத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் வேகவச்சுத் தர்றேன் டீச்சர். மாதுவுக்குத் தனிப் பாத்திரம்."

"முள்ளு பாத்து எடுங்கோ."

"அத நான் பாத்துக்கிறேன்" என்று உள்ளேயிருந்து கண்ணுசாமியின் குரல் வந்தது.