ஒயரின் மறுமுனை

"உங்களுக்கு ஒரு கட்டி இருக்கிறது" என்று சொல்லி முடித்தேன். டாக்டர் அடுத்த வாக்கியத்தை "ஆனால்" என்று தொடங்கினார். அதோடு திரை உறைந்துவிட்டது.

என் வேலை அதுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மொழி பேசுவார், நோயாளி இன்னொரு மொழி பேசுவார். நான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, வீடியோ வழியாக இரண்டு பேருக்கும் நடுவில் பேசுவேன். அன்று எதிரில் இருந்தவளுக்குக் கிட்டத்தட்ட என் வயசு. நான் சொன்னதைக் கேட்டுக் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். அந்த முகம்தான் திரையில் நின்றது. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவளை வேறொரு மொழிபெயர்ப்பாளரிடம் மாற்றிவிட்டார்கள். 'ஆனால்' என்பதற்குப் பிறகு என்ன வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் கூடாது, அது எங்கள் தொழிலின் விதி.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்தார். நடையில், அவருடைய மேஜைக்குக் கீழே, தாழ்வான பலகையில்தான் எங்கள் நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கிறது. ரவுட்டரிலிருந்து வரும் ஒரு இணைப்பை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி. அவர் குனிந்து எல்லா ஒயரையும் கொத்தாகப் பிடுங்கினார். ஒவ்வொன்றாகச் சொருகினார். ஒன்றின் மறுமுனையைத் தன் லேப்டாப்பில் மாட்டினார். இணைப்பு வந்துவிட்டது.

"சூடு தாங்கல. பிளாஸ்டிக் பாடி இல்ல? வேற வாங்கிடறேன்."

வாங்கினார். இவர் கடைக்குப் போனால் எது நிறைய மின்னுகிறதோ அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். ஒயர் சொருக இருபத்துநாலு போர்ட், இரண்டு வரிசை விளக்கு, உள்ளே ஒரு விசிறி. மாவு மில் மாதிரி இரைந்தது. "உங்க பக்கம் மழையா?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள். அந்தச் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டேன், பேச்சு அறாமல் இருந்தால் போதும் என்று.

அடுத்த வாரமே அறுந்தது. வாயில் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். நடையில் மாமா, என் மாமனார், பலகைக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் ஒரு ஒயரின் முனை. அதை ஸ்விட்ச்சில் காலியாக இருந்த ஓட்டையில் 'டக்'கென்று சொருகி, மேலே ஒரு தட்டும் தட்டினார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வீட்டுக்காரர் ஆபீசுக்கு லேப்டாப்பை எடுத்துப் போகிற நாளெல்லாம் அவர் ஒயரின் ஒரு முனை ஸ்விட்ச்சில் இருக்கும், மறுமுனை தரையில் கிடக்கும். கிடப்பதை எடுத்து மாமா அதே ஸ்விட்ச்சில் சொருகிவிடுவார். போன தகவலே திரும்பத் திரும்ப உள்ளே வந்து சுற்ற, மொத்த வீடும் மூச்சு முட்டிப் படுத்துவிடும். சாயங்காலம் மகன் வந்து கொத்தாகப் பிடுங்கியதும் எழுந்துவிடும். அப்பன் சொருக, மகன் பிடுங்க, நடுவில் நான்.

"மாமா!" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒயர் தரையில கிடந்துச்சும்மா. நீ அவசரமா வருவ, போவ."

போன வருஷம் என் மாமியார் சார்ஜர் ஒயர் தடுக்கி விழுந்தார். இடுப்பு முறிந்தது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஆனால்" என்று டாக்டர் ஆரம்பித்ததை மாமாவுக்கு அவர் மொழியில் எடுத்துச் சொன்னது நான்தான். மாமியார் வீடு திரும்பவில்லை.

"அன்னைக்குக் கட்டின்னு சொல்லிட்டு நிறுத்திட்டியேம்மா," என்றார். "கதவு வழியா காதுல விழுந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு மீதியைச் சொன்னியா?"

"வேலை இருக்கு மாமா" என்று உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும், "அப்பாகிட்ட சொல்லிடலாமே?" என்றார்.

"என்னன்னு? மாமா, உங்க கைதான் அந்தப் பொண்ணு பேச்சை அறுத்துச்சுன்னா?"

"அப்ப ஆணி அடிச்சு மாட்டிடறேன்."

"ஆணியில தொங்கினாலும் அவருக்கு அது தொங்குற ஒயர்தான். விடுங்க, இந்தத் தடவை நான் போறேன்."

கடைக்கார அம்மா எடுத்த எடுப்பில், "வீட்ல கேம் விளையாடுறவங்க இருக்காங்களா?" என்றாள்.

"மாமனார் இருக்கார்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "இரும்புப் பெட்டியா இருக்கணும். விசிறி கூடாது. எட்டு போர்ட் போதும். ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் இதுலயே சொருகினாலும் படுக்கக் கூடாது."

"அப்படி யாரும்மா சொருகுவா?"

"எங்க வீட்ல சொருகுவாங்க."

அவள் மேற்கொண்டு கேட்காமல் உள்ளே போய், உள்ளங்கை அகலத்தில் கனமான கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள். சுற்றி வருகிற இணைப்பைத் தானே கண்டுபிடித்து, அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடுமாம். நான் வாய்ச்சொல்லை நம்பவில்லை. கடையிலேயே மாட்டச் சொல்லி, இரண்டு முனையையும் என் கையாலேயே சொருகினேன். ஒரு விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் சிமிட்டியது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த படம் அதுபாட்டுக்கு ஓடியது.

மறுநாள் வீட்டுக்காரர் லேப்டாப்போடு கிளம்பிய பிறகு முதல் அழைப்பு வந்தது. வயதான ஒருவர், பக்கத்தில் அவர் மகள். பெட்டி கண்ணில் படட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

"இதய வால்வு பழுதாகியிருக்கிறது," என்றேன். மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள். டாக்டர் "ஆனால்" என்றார். அதே நேரம் நடையில் மாமா மெதுவாகக் குனிந்தார். தரையில் கிடந்த முனையை எடுத்தார். எழுந்து தடுத்திருக்கலாம், திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

'டக்.'

ஆரஞ்சு விளக்கு சிமிட்டியது. டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஆனால்," என்றேன். "இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை. மருந்திலேயே சமாளிக்கலாம். நீங்கள் இன்று வீட்டுக்குப் போகலாம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவர் எனக்குக் கும்பிடு போட்டார்.

அழைப்பு முடிந்து திரும்பினால், மாமா ஒயரை ஒருதரம் தட்டிவிட்டுக் கதவருகே வந்து நின்றிருந்தார்.

"இந்தத் தடவை மீதியைச் சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன் மாமா."