இருபத்திமூன்றும் முப்பத்திரண்டும்

அந்த ஜனவரியில் ஹெய்னார் வீட்டு ஜன்னல்கள் பகலெல்லாம் விரியத் திறந்து கிடந்தன. வெளியே மூச்சு விட்டால் மீசையில் பனி ஒட்டுகிற குளிர். எங்கள் எஸ்தோனிய ஊரின் வில்யாந்தி ஏரி கல்லாய் உறைந்து கிடந்தது. அவரோ பனியனோடு ஜன்னல் ஓரம் நின்று புகைபிடித்துக்கொண்டிருப்பார். கடைக்குப் போகிறவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி மால்லேவுக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் அவளுக்குத் துணைத்தலைவன் என்பதால் எல்லாப் பொருமலும் என் காதில்தான் விழும்.

"வேணும்னே பண்றான். புதுசு வேண்டாம்னு கூட்டத்துல கத்தினானே, நாம கேக்கல. அதுக்குப் பழி வாங்குறான்."

அவள் சொன்னதை நம்பக் காரணம் இருந்தது. போன கோடையில் கட்டடத்தின் பழைய குழாய்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, சூடேற்றும் முறையையே புதிதாக மாற்றியிருந்தோம். முன்பு வீடுகளைச் சூடாக்கும் நகரத்து வெந்நீர் அக்டோபரில் வரும், மே மாதத்தில் நிற்கும். நடுவில் யார் வெந்தாலும் யார் விறைத்தாலும் கேட்பாரில்லை. இப்போது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும், எவ்வளவு சூடு வேண்டுமென்று திருகி வைக்க, வெள்ளையாக ஒரு தெர்மோஸ்டாட். மாடிப்படி அலமாரிகளில் வெந்நீரை விடவும் நிறுத்தவும் வீட்டுக்கு ஒரு வால்வு, அதன் தலையில் கைப்பிடி அளவு மோட்டார். இரண்டுக்கும் வீட்டு எண்ணையே எண்ணாகக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே கேபிளில் சங்கிலியாகக் கோத்து, அடித்தளத்தில் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டியில் கொண்டுபோய் முடித்திருந்தார்கள். இருபத்திமூன்றாம் வீட்டுக்காரர் சுவரில் திருகினால், இருபத்திமூன்றாம் எண் மோட்டார் திறக்கும் அல்லது மூடும். அவ்வளவுதான் விஷயம்.

ஹெய்னார் வீடு இருபத்திமூன்று. முப்பது வருடம் தார்த்து நகரத்துக்கு பஸ் ஓட்டியவர். புதிய முறைக்கு எதிராகக் கை தூக்கிய ஒரே ஆள். நவம்பரிலிருந்தே வீடு அடுப்பாய்க் கொதிக்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார். தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வையுங்கள் என்றோம். குறைத்தால் இன்னும் அதிகமாகக் கொதிக்கிறது என்றார். அதன்பிறகு அவர் பேச்சை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரியில் அவர் மால்லே வீட்டுக் கதவைத் தட்டி, நாளைக்குள் ஆள் வரவில்லையென்றால் அந்த வெள்ளைப் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெட்டியைப் பிடுங்கினால் சங்கிலி அறுந்து அதற்கு அப்பால் உள்ள வீடுகளும் போய்விடும் என்று மால்லேவுக்குத் தெரியும். உடனே சிர்யேவைக் கூப்பிட்டாள்.

கேபிள் இழுத்து மோட்டார்களுக்கு எண் கொடுத்தவள் சிர்யேதான். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள், ஆனால் சொன்ன நேரத்துக்கு வருவாள். வெள்ளிக்கிழமை மதியம் வந்தாள். மூன்று பேரும் அடித்தளத்துக்கு இறங்கிப்போய்த் திரையைப் பார்த்தோம். இருபத்திமூன்றாம் வீட்டில் கேட்டிருந்த சூடு பன்னிரண்டு டிகிரி. இருக்கும் சூடு இருபத்தேழு. வால்வு முழுக்க மூடியிருந்தது.

மால்லே என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். வால்வு மூடியிருக்கும்போது சூடு எங்கிருந்து வரும், மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறான் என்றாள். சிர்யே மேலே போய்ப் பார்க்கலாம் என்றாள்.

ஹெய்னார் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து ஸவுனா என்கிற நீராவிக்குளியல் அறை போல அனல் வந்தது. சிர்யே நேராக, ஜன்னலடியில் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரிடம் போய் உள்ளங்கையை வைத்து, சட்டென்று எடுத்தாள்.

"வால்வு மூடியிருக்குன்னு கீழ மெஷின் சொல்லுது," என்றாள்.

"நான் பஸ் ஓட்டினவன்மா. ரேடியேட்டர் கொதிக்குதா இல்லையான்னு எனக்கு மெஷின் சொல்லணுமா?"

வீட்டில் ஹீட்டர் எதுவும் இல்லை. மால்லே குளியலறைக்குள்கூட எட்டிப் பார்த்தாள். சிர்யே சமையலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் விரலால் இருபத்திமூன்று என்று எழுதி, இலக்கங்களைத் திருப்பிப் போட்டும் எழுதிப் பார்த்தாள். பிறகு ஹெய்னாரிடம் தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை ஏற்றச் சொன்னாள். அவர் முறைத்தார். ஒரு பத்து நிமிஷம் மட்டும் என்று கெஞ்சினாள். ஏற்றினார்.

"முப்பத்திரெண்டுல யார் இருக்காங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

ரஷ்யப் போருக்குத் தப்பி வந்த ஒரு உக்ரைன்காரப் பெண் வாடகைக்கு இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி, ஒலேஸ்யா என்று பெயர் என்றேன். வீட்டுக்காரர் பின்லாந்தில் வேலை செய்கிறார். அவளை மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்போம். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

மேல்மாடிக்குப் போய்த் தட்டினோம். ஒலேஸ்யா குளிர்காலக் கோட்டோடு கதவைத் திறந்தாள். கோட்டுக்குள் நெஞ்சோடு கட்டியிருந்த குழந்தையின் கம்பளித் தொப்பி மட்டும் வெளியே தெரிந்தது. நான் காலணியைக் கழற்றினேன். தரை பனிக்கட்டியாக இருந்தது. அவள் கட்டிலைச் சமையலறைக்கு இழுத்துப் போட்டிருந்தாள். ஓவன் அடுப்பின் கதவைத் திறந்து வைத்து அந்தச் சூட்டில்தான் இரண்டு பேரும் இருந்திருக்கிறார்கள். சுவரில் தெர்மோஸ்டாட் முழுக்க ஏற்றி வைக்கப்பட்டிருந்தது.

சிர்யே இடுப்பில் கட்டியிருந்த கருவிகளைப் பார்த்ததும் ஒலேஸ்யாவின் முகம் மாறியது. எங்கள் மொழி அவளுக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது.

"நான் ஏதாவது உடைச்சிட்டேனா?" என்று கேட்டாள்.

சிர்யே ரேடியேட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள். நானும் வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. மோட்டார் மெதுவாகத்தான் திறக்கும் என்று சொன்னாள். காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள் தண்ணீர் நகரும் சத்தம் கேட்டது. பிறகு இரும்பு வெதுவெதுப்பாயிற்று.

"நீங்க எதையும் உடைக்கல," என்றாள் சிர்யே. "தப்பு என்னோடது."

நடந்தது இதுதான். மோட்டாருக்கு எண் கொடுப்பது அதன் முதுகில் இருக்கும் அரிசி அளவு சுவிட்சுகளைத் தள்ளி. அக்டோபரில் குளிர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். இலக்கங்கள் இடம் மாறி, இருபத்திமூன்றின் மோட்டாருக்கு முப்பத்திரண்டும், முப்பத்திரண்டின் மோட்டாருக்கு இருபத்திமூன்றும் விழுந்துவிட்டன. வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றையும் திறந்து மூடிச் சோதித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேபிளில் எல்லா எண்ணும் பதில் சொல்கின்றன என்று திரையில் பார்த்ததோடு விட்டுவிட்டாள். ஒலேஸ்யா குளிருக்குச் சூட்டை ஏற்ற ஏற்ற அங்கே ஹெய்னார் வெந்தார். அவர் வேக்காட்டில் குறைக்கக் குறைக்க இவள் விறைத்தாள்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது.

"வீட்டுக்காரர் சொன்னார், எல்லாம் தானா வேலை செய்யும், தொந்தரவு பண்ணாதேன்னு," என்றாள் ஒலேஸ்யா. வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள். "இங்க எல்லாரும் இப்படித்தான் குளிர்ல இருப்பாங்கன்னு நினைச்சேன்."

கீழே வந்து ஹெய்னாரிடம் சிர்யே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்துவார் என்று மால்லே ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாள். அவர் கத்தவில்லை. முதலில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பட்டன்களைப் போட்டார்.

"குழந்தைக்கு என்ன வயசு?"

நாலு மாதம் இருக்கும் என்றேன்.

"பன்னெண்டுல வச்சேன். தூங்கப் போறப்போகூட. பதினெட்டு போதும் எனக்கு, ஆனா உங்க மேல இருந்த கோவத்துல பன்னெண்டுல வச்சேன்."

மால்லே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே சரிசெய்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் எண்ணை மாற்றினால் கன்ட்ரோலரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டு, அது கேபிள் முழுக்கத் தேடி எல்லா மோட்டார்களையும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் கட்டடத்தில் எல்லா வால்வும் மூடிக்கிடக்கும். அக்டோபரில் ஒருமுறை அப்படிச் செய்தபோது ஐந்தாம் மாடியை ஒரு நாள் முழுக்க அது கண்டுகொள்ளவேயில்லை. இந்தக் குளிரில் அந்த விளையாட்டு வேண்டாம், திங்கட்கிழமை குளிர் குறையும் என்கிறார்கள், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மால்லே சொன்னாள். சிர்யேவும் அதுதான் சரி என்றாள். அதுவரை இரண்டு வால்வுகளையும் கையால் பாதி திறந்து வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள்.

ஹெய்னார் மறுத்துவிட்டார்.

"பாதின்னா அது குழந்தைக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. அவளுக்கு வேணுங்கறதை அவ சொல்லட்டும், நான் இங்க திருப்பறேன். எனக்கு வேணுங்கறதை அவ அங்க திருப்பட்டும். ரெண்டு நாள்தானே."

அவரே படியேறிப் போனார். நானும் கூடப் போனேன். சோவியத் பட்டாளத்தில் இருந்த காலத்து ரஷ்ய மொழி அவருக்கு நன்றாக வரும். கதவு திறந்ததும் அந்த மொழியில்தான் ஆரம்பித்தார். ஒலேஸ்யா புரிந்துகொண்டாள், ஆனால் எஸ்தோனிய மொழியில் பதில் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக. ஹெய்னார் அதன்பிறகு அவளிடம் ஒருநாளும் ரஷ்ய மொழி பேசவில்லை. விரல்களால் காட்டியும் சுவரில் திருகிக் காட்டியும் விஷயத்தைச் சொல்லி முடித்தார். அவளுக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ உங்க ஜன்னல்... நானா?"

"நீதான்," என்றார் ஹெய்னார். "நான் சூட்டுல செத்திருப்பேன். நீ குளிர்ல."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீரும் வந்தது. ஹெய்னார் எங்கே பார்ப்பதென்று தெரியாமல், தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

சனிக்கிழமை நான் அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவர் பேச்சை நான் கேட்டேன், அவள் குரல் மெல்லிசாகக் கேட்டது.

"குழந்தைக்குப் போதும். எனக்கு இன்னும் கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கோட்டு கழட்டணும்."

அவர் எழுந்துபோய்க் கொஞ்சம் ஏற்றிவிட்டு வந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியேட்டருக்குச் சூடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது இப்போது அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. கோட்டைக் கழற்றியாயிற்றா என்று அவரே கூப்பிட்டுக் கேட்டார்.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. ஞாயிறு மதியம் மால்லே படியிறங்கும்போது ஹெய்னார் வீட்டுக் கதவு திறந்திருக்க, அவர் வியர்வையில் நனைந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஒலேஸ்யா அவருடைய சூட்டைக் குறைக்க மறந்துவிட்டாள். கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதானே என்றாள் மால்லே. இந்த நேரத்தில் குழந்தை தூங்கும், மணி அடித்தால் எழுந்துவிடும் என்றார் அவர்.

"இந்த வயசுல மயங்கி விழுந்தா யார் தூக்குவா உன்னை?"

"நீ தூக்க மாட்டேன்னு தெரியும். அதான் வாசல்ல உக்காந்திருக்கேன்."

மால்லே மேலே போய்த் தட்டாமல் விரலால் கதவைச் சுரண்டினாள். திரும்பி வந்தவள், உன்னை நம்பாமல் போனது எங்கள் தப்பு என்று அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் பட்டாணி சூப் கொடுத்தனுப்பினாள். ஹெய்னார் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது உப்பு குறைவு என்றார். அவர்களுக்குள் அதற்குமேல் சமாதானம் ஒன்றும் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை சொன்னபடி குளிர் குறைந்தது. சிர்யே காலையிலேயே வந்துவிட்டாள். மாடிப்படி அலமாரிகளைத் திறந்து, இரண்டு மோட்டார்களின் சுவிட்சுகளையும் சரியாகத் தள்ளி, கன்ட்ரோலரை நிறுத்தி ஓடவிட்டாள். இந்த முறை அது எல்லா வீட்டையும் கண்டுபிடித்தது. அதோடு அவள் கிளம்பவில்லை. ஒவ்வொரு வீடாகத் தட்டி, தெர்மோஸ்டாட்டைத் திருகி, ரேடியேட்டரில் கை வைத்து, சூடு வரும்வரை நின்று, மறுபடி மூடி, அது ஆறும்வரை நின்று பார்த்தாள். நான் கூடவே சாவிக்கொத்தோடு சுற்றினேன். வேறெங்கும் தவறு இல்லை. ஒலேஸ்யாவின் வீட்டை மட்டும் அவள் இரண்டு தடவை சோதித்தாள்.

மாலையில் ஹெய்னாரும் நானும் சமையலறையிலிருந்து கட்டிலைத் தூக்கி அறைக்குள் போட்டோம். ஒலேஸ்யா எங்களைப் போகவிடவில்லை. உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டைகளை வேகவைத்து, வதக்கிய வெங்காயத்தை மேலே போட்டு, புளித்த கிரீமோடு வைத்தாள். சிர்யே தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தாள். குழந்தை தொப்பி இல்லாமல் தரையில் விரித்த போர்வையில் கிடந்தது. அதற்குத் தலை நிறைய முடி இருப்பதை அன்றுதான் பார்த்தோம்.

ஹெய்னார் அவளிடம் அவள் ஊரில் என்ன பஸ் ஓடும் என்று கேட்டார். கார்கிவில் தான் வேலைக்கு டிராலிபஸ்ஸில் போனதாகச் சொன்னாள் ஒலேஸ்யா. அது எந்தத் தெருவில் திரும்பும், எங்கே கூட்டம் ஏறும் என்று அவர் விடாமல் கேட்டார். அவள் மேசைமேல் முள்கரண்டியால் கோடு போட்டுக் காட்டினாள்.

"இப்பவும் ஓடுதா அது?"

"ஓடுது," என்றாள். "சில நாள்."

அவர் தலையை அசைத்துவிட்டு, தட்டை நீட்டி இன்னும் இரண்டு கொழுக்கட்டை கேட்டார்.