சீனாக் கடையில் ஒரு நித்திரை

ஊர்காவற்றுறையில் டிலோனும் அவன் மனைவி மாக்கிறேற்றும் நடத்துகிற கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. அதை ஒருவரும் வாசிப்பதில்லை. எல்லாருக்கும் அது சீனாக் கடை. டிலோன் கொழும்பில் ஒரு சீனரின் குசினியில் கனகாலம் நின்று சமையல் பழகியவன். அவன் போடுகிற கணவாய்மீன் நூடில்ஸுக்காக வேலணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபிறகு அங்கே ஒரு கதிரை பிடிப்பது பெரும்பாடு.

எங்கள் வீடு நாரந்தனையில், பெரிய தூரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றுதான் நான் முதன்முதலாக அந்தக் கடைக்குள் போனேன். அப்பா பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்து நாலு வருசம். அவரை விட்டுவிட்டு நூடில்ஸ் சாப்பிட நான் எங்கே போவது?

தம்பி ஆரூரன் கனடாவிலிருந்து லீவில் வந்திருந்தான். அக்காவுக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். பக்கத்து வீட்டு இராசேஸ்வரி அக்காவை அப்பாவுக்குக் காவலாக இருத்திவிட்டு, இரவல் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தான்.

நான் சாப்பிடப் போகவில்லை, கேட்கப் போனேன். இரவில் அப்பாவைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வேண்டும். பகல் முழுக்க நான் பார்க்கிறேன், இரவில் என்னைப் படுக்க விடுங்கள், அவ்வளவுதான். ரெலிபோனில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் ஒரே பதில்தான்: "பிறத்தி ஆளோ அப்பாவைத் தொடுறது? உன்னை மாதிரி ஆர் பாப்பினம்? நீ தெய்வம் அக்கா." முகத்துக்கு நேரே கேட்டால் தட்டமாட்டான் என்று நினைத்தேன்.

தெய்வம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயிலில் இருக்கிற தெய்வத்துக்குக்கூட இரவில் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள்.

கடையில் சனம் நெரிந்தது. மாக்கிறேற் எங்களுக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துத் தந்தாள். இவன் அவளிடமும் தொடங்கிவிட்டான்.

"என்ர அக்கா. அப்பாவைக் குழந்தைப்பிள்ளை மாதிரிப் பாக்கிறா."

"ஊருக்கே தெரியுமே தம்பி" என்றாள் மாக்கிறேற். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சாப்பாடு கொஞ்சம் பிந்தும், பரவாயில்லையோ அக்கா?"

பரவாயில்லை என்றேன். அவள் போனதும் நான் வாயைத் திறந்தேன்.

"தம்பி, உன்னோட ஒண்டு கதைக்கவேணும்."

"பொறு அக்கா, துஷாந்திக்கு இதைக் காட்டிப்போட்டு வாறன்."

துஷாந்தி அவன் மனைவி. டிலோனின் தாச்சிச் சட்டியைச் சுற்றி நெருப்பு எழும்ப எழும்ப, இவன் போனை நீட்டிக்கொண்டு நின்று கனடாவுக்குக் காட்டினான். சரி, காட்டட்டும் என்று நான் கதிரையில் சாய்ந்தேன். தலைக்கு மேலே காற்று வந்தது. இவ்வளவு இரைச்சலிலும் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்தச் சுகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

கண் திறந்தபோது கடை பாதி வெறுமையாகக் கிடந்தது. எதிரே தம்பி இல்லை. மேசையில் சாப்பாடும் இல்லை. என் ரெலிபோன் மட்டும் இருந்தது.

மாக்கிறேற் ஓடிவந்தாள். "பதறாதேங்கோ அக்கா. இராசேஸ்வரி அக்கா ரெலிபோன் எடுத்தவா. அப்பாவுக்குப் படுக்கையிலயே வயித்தால போயிட்டுதாம், அவவால தனியத் தூக்க ஏலாதாம். தம்பி உங்களை எழுப்பப் பாத்தவர், நான்தான் விடேல்லை. உங்கட அப்பாவும்தானே, நீங்கள் போங்கோவன் எண்டு அவரை அனுப்பினனான்."

இவனுக்கு அப்பாவை எந்தப் பக்கம் புரட்டுவது என்றுகூடத் தெரியாதே. இராசேஸ்வரி அக்காவுக்கு எடுத்தேன்.

"நீ வராதை மீனா. தம்பி கழுவுறதும் மூக்கைப் பொத்தி ஓங்காளிக்கிறதுமா நிக்கிறான். நான் சொல்லச் சொல்லச் செய்யிறான். நீ இருந்து சாப்பிட்டிட்டு வா."

போகவேண்டும் என்றுதான் எழுந்தேன். ஆனாலும் திரும்பக் கதிரையிலேயே இருந்தேன். மாக்கிறேற் சுடச்சுட நூடில்ஸ் கொண்டுவந்து வைத்தாள். அந்த ருசியை என்னவென்று சொல்ல! இடையில் எழும்பாமல் ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்டு எவ்வளவு காலம்.

பாதி முடிந்திருக்கும், தம்பி வந்தான். உடுத்திருந்தது அப்பாவின் பழைய சேட். கைகளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக எதிரே இருந்தான். மாக்கிறேற் அவனுக்கும் ஒரு தட்டை வைத்தாள். ஒரு வாய் எடுத்தான், விழுங்க முடியவில்லை.

"என்னெண்டு அக்கா உன்னால சாப்பிட ஏலுது?" என்று கேட்டான்.

"நாலு வருசமா உந்த ஊத்தையைக் கழுவிப்போட்டு வந்துதானேடா நான் சாப்பிடுறன்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். கோபத்தில்தான் சொன்னேன். சொன்ன பிறகும் அந்தக் கோபம் போகவில்லை.

"இரவுக்கு ஒரு ஆளைப் போடுவம் அக்கா" என்றான் கடைசியில். "இது ஒரு ஆளால ஏலாது."

நான் கேட்க வந்ததை அவனே சொல்லிவிட்டான். சந்தோஷம் வந்திருக்கவேண்டும். களைப்புத்தான் வந்தது.

"எப்ப?"

"நாளைக்கே ஆரையும் விசாரிப்பம்."

"அப்ப இண்டைக்கு இரவு?"

"இண்டைக்கு ஆரை அக்கா தேடுறது?"

"நீ இருக்கிறாய்தானே" என்றேன்.

நான் அவனுடைய தட்டையும் என் பக்கம் இழுத்து வைத்துச் சாப்பிடத் தொடங்கினேன்.