டி டிரைவில் வைத்தது

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஸ்ரீலட்சுமி முதலில் பார்ப்பது, சி டிரைவில் இடம் மிச்சமிருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் இருக்காது.

திருநகர் வீட்டின் முன்னறையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் இரண்டு. வாங்கும்போதே இருந்த சின்னது சி. பிற்பாடு கொழுந்தன் சாய்பிரசாத், அவன் ஆபீசில் கழித்துப் போட்ட மெஷினிலிருந்து எடுத்துவந்து மாட்டிய பெரியது டி. அது எதையும் திறக்க நேரமெடுக்கும். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் செய்து கொடுப்பது ஸ்ரீலட்சுமியின் வேலை. அதற்கான சாஃப்ட்வேர் சி-யில்தான் ஓடும். ஒலி ஃபைல்களும் அங்கேதான் வந்து இறங்கும். இடமில்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

இடத்தை அடைப்பது வீட்டு ஆட்கள். சாய்பிரசாத் சினிமாக்களை டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைப்பான். அவள் கணவன் வெங்கடேஷ்பாபு பஜனைப் பாட்டு சிடிக்களை வரிசையாக ஏற்றுவான். ஓரகத்தி நாகமணி, தன் மகள் காவ்யஸ்ரீ பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்களை கேமராவிலிருந்து இறக்கியதும் எழுந்து போய்விடுவாள். டி-யில் போடுங்கள் என்று ஸ்ரீலட்சுமி எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து, அவரவர் பெயரில் ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் டி-க்கு நகர்த்துவது அவள் வேலையாகிவிட்டது. வீட்டில் யாருக்கும் அது ஒரு வேலையாகத் தெரியவில்லை.

ஆவணி மாதத்தில் டி-யிலிருந்து எதையோ தட்டுவதுபோல் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வெங்கடேஷ்பாபுவிடம் சொன்னாள். டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன், பார்க்கலாம் என்றான். அடுத்த வாரம் மறுபடி சொன்னாள். அப்போதும் பார்க்கலாம் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டி என்ற எழுத்தே திரையில் இல்லை.

பழங்காநத்தம் கடையிலிருந்து விருமாண்டி வந்து பெட்டியைக் கழற்றினான். வீடே சுற்றி நின்றது. வயரை மாட்டி ஓடவிட்டு, டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுக் கீழே வைத்தான்.

"சின்னது நல்லாருக்குக்கா. பெருசு போயிருச்சு. இந்தச் சத்தம் வந்த அன்னைக்கே உள்ள இருந்ததை எடுத்திருக்கணும்."

சாய்பிரசாத், அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் அண்ணனிடம் கேட்டான், அண்ணியுடையது மட்டும் எப்படி நல்ல டிஸ்க்கில் இருந்தது என்று. விருமாண்டிக்கு அது புரியாது என்பதால்தான் அதில் கேட்டான். ஆனால் வெங்கடேஷ்பாபு தமிழிலேயே சொன்னான்:

"ஒன் வேலையெல்லாம் பத்திரமா இருக்குல்ல. அப்புறம் என்ன."

வெளியாள் முன்னால் சொன்னதுதான் அவளைத் தைத்தது. அவளும் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"சத்தம் வருதுன்னு ஒங்ககிட்டதான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

அவன் ஞாபகமில்லை என்றான். விருமாண்டி குனிந்து ஸ்குரூக்களைப் பொறுக்கினான். நாகமணி யாரையும் குறை சொல்லவில்லை. குழந்தை முதலில் உட்கார்ந்தபோது எடுத்த போட்டோவும் அதில்தானா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றாள் ஸ்ரீலட்சுமி.

அன்று துணி மடிக்கும்போது அவளுக்கே சந்தேகம் வந்தது. தன்னுடையதை மட்டும் காப்பாற்றிக்கொண்டோமா? அப்படி நினைத்துச் செய்யவில்லை. இடம் வேண்டுமென்றுதான் நகர்த்தினாள். ஆனால் சத்தம் கேட்ட பிறகும் நகர்த்திக்கொண்டுதானே இருந்தாள். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

உள்ளே இருந்ததை மீட்டெடுக்க டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினார்கள். போட்டோக்களில் பாதிக்கும் குறைவாகத்தான் திரும்பி வந்தன, அதுவும் தேதியும் பெயரும் இல்லாமல். சாய்பிரசாத் புது டிஸ்க் வாங்கி மாட்டினான். வந்ததையெல்லாம் அண்ணி பிரித்து அடுக்கிவிடட்டும் என்றான். ஸ்ரீலட்சுமி முடியாது என்றாள். அவரவர் சாமானை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும், எப்படி என்று காட்டித் தருகிறேன், அவ்வளவுதான் என்றாள். குரலை உயர்த்தவில்லை. நாகமணிதான் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை சி மறுபடி நிரம்பியிருந்தது. டெஸ்க்டாப்பில் சாய்பிரசாத்தின் புதுப் படங்கள் மூன்று. டாக்டரின் ஃபைல் பாதியில் நின்றிருந்தது. ஸ்ரீலட்சுமி மவுசைத் தொடவில்லை. ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த சாய்பிரசாத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, படங்களை டி-க்கு நகர்த்தச் சொன்னாள். காப்பியாகும் கோடு திரையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். தினமும் இவ்வளவு நேரம் ஆகுமா என்று கேட்டான்.

ஆகும் என்றாள். பஸ் போய்விடும் என்று அவன் எழுந்தான். முடியும்வரை இருந்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டு, அவள் அரிசி களையப் போனாள்.