வட்டியில்லாக் கடன்

எண்பத்து நான்காவது தவணையைக் கையில் வாங்கிய அண்ணன் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, "நமக்குள்ள என்னம்மா கணக்கு" என்றார். ஏழு வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் எண்ணி வாங்கியவருக்குக் கடைசி மாதத்தில்தான் இந்தப் பெருந்தன்மை வந்தது. தையற்காரியான தங்கைக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சிரித்துக்கொண்டே கிளம்பி வந்துவிட்டாள். கடன் தீர்ந்த நாளில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வானேன்?

அவள் கணவர் இறந்த வருஷம், தையல் கடைக்கு முன்பணத்துக்கும் இரண்டு மெஷினுக்கும் பணம் கொடுத்தவர் அண்ணன்தான். அதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை. "கூடப் பிறந்தவகிட்ட வட்டி வாங்கினா நான் மனுஷனா?" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். வட்டி என்று ஒரு காசு வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அவருடைய லாட்ஜிலிருந்து துணி வந்தது.

முதலில் தலையணை உறை. பிறகு படுக்கை விரிப்பு. அப்புறம் வேலையாட்களுக்குச் சீருடை, அவர் மருமகளுக்கு இறுக்கமாகிப்போன உடுப்புகள் என்று மூட்டை வளர்ந்துகொண்டே போனது. நூல்கூட இவள் காசுதான். கூலி என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. கடன்பட்டவள் எந்த வாயால் கேட்பாள்? ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர் தேடி வந்தது. அந்த மாதம் பார்த்து லாட்ஜில் திரைச்சீலை அத்தனையும் மாற்றினார்கள். ஆர்டர் அடுத்த தெருக் கடைக்குப் போனது. கடையில் பட்டன் துளை தைக்கும் காஜா அக்கா ஒரு நாள், "இதுக்கு நீ வட்டிக்கே வாங்கியிருக்கலாம், மலிவா முடிஞ்சிருக்கும்" என்றாள். தையற்காரி அவள்மேல் எரிந்து விழுந்தாள்.

தவணை முடிந்த மறுநாள் காலை, கடையில் ஓர் ஆஸ்பத்திரியின் துணி இருந்தது. சனிக்கிழமைக்குள் இருநூறு தலையணை உறை. நேரத்துக்குக் கொடுத்தால் இனி மாதா மாதம் வேலை உண்டு என்று ஆஸ்பத்திரி மேலாளரம்மா சொல்லியிருந்தார். ஏழு வருஷத்தில் அவள் தைரியமாக ஒப்புக்கொண்ட முதல் பெரிய வேலை. உற்சாகத்தில் துணியை நாற்பது மடிப்பாக அடுக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினாள்.

காஜா அக்கா ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள். "இது நோயாளிக்கா, பொம்மைக்கா?"

தையற்காரி அதை வாங்கி டேப் வைத்து அளந்தாள். வெட்டியிருந்தது லாட்ஜ் அளவு. அண்ணன் மலிவாக வாங்கிப் போட்ட குட்டித் தலையணைகளின் அளவு. ஆஸ்பத்திரி கொடுத்த அளவுச் சீட்டு எதிரிலேயே குத்தியிருந்தது. கை அதைப் பார்க்கவில்லை, பழகிய இடத்துக்குத் தானாகப் போயிருக்கிறது. நாற்பது உறைக்கான துணி போச்சு. அதைச் சொந்தக் காசில்தான் வாங்கி வைக்க வேண்டும். அவளுக்குத் தன் கைமேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பணத்தை அடைத்தாகிவிட்டது, இந்தக் கை இன்னும் யாருக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது?

அந்த நேரம் பார்த்து வாசலில் அண்ணனின் கார் நின்றது. டிரைவர் பெரிய மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து மெஷின்மேல் வைத்தான். பின்னாலேயே அண்ணன் வந்தார்.

"மேல் மாடி ரூமுக்கெல்லாம் திரைச்சீலை. வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பறேன்" என்றவர், மேசையில் கிடந்ததைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட, உறைகூட வெட்டி வச்சிட்டியா? சொல்லாமலே செய்யறா பாரு, அதான் என் தங்கச்சி." அந்த நாற்பதையும் அள்ளி டிரைவர் கையில் கொடுக்கப் போனார்.

"அண்ணா, அதைக் கீழ வைங்க."

"ஏன்? நம்ம அளவுதானே?"

"அளவு உங்களுது. துணி என்னுது. வேணும்னா விலைக்கு எடுத்துக்கோங்க."

டிரைவர் மெதுவாக நழுவிக் காருக்குப் போய்விட்டான். அண்ணன் கையிலிருந்த உறைகளை மேசையிலேயே திரும்ப வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "நேத்துதான் கடைசித் தவணை குடுத்த. இன்னைக்கே வாய் நீளுதே. நீ நிக்கிற இந்தக் கடை யாரால வந்துச்சு?" என்றார்.

"உங்களாலதான். சாகற வரைக்கும் சொல்லுவேன். வாங்கின பணத்தைப் பணமா குடுத்தாச்சு. நன்றின்னு கேட்டா நன்றி இருக்கு. அதுக்காக மாடி ரூமுக்கெல்லாம் திரை தைக்க முடியாது."

"ஒரு பைசா வட்டி வாங்கினேனாடி?"

"வாங்கியிருக்கலாமேண்ணா!" அவள் குரல் உடைந்தது. "வட்டின்னா இவ்வளவுன்னு இருக்கும், ஒரு நாள் முடியும். நீங்க வாங்கினதுக்கு முடிவே இல்லையே! ஏழு வருஷம் ராப்பகலா உங்க லாட்ஜுக்கு மெஷின் மிதிச்சேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நூல் கண்டாவது வாங்கிக் குடுத்தீங்களா?"

அண்ணனின் முகம் கறுத்தது. பையிலிருந்து பர்ஸை எடுத்து மேசைமேல் போட்டார். "கூலிதானே உனக்கு வேணும்? எவ்வளவுன்னு சொல்லித் தொலை."

இந்தக் கேள்விக்காக அவள் எத்தனையோ வருஷம் உள்ளுக்குள் காத்திருந்தாள். இப்போது அது காதில் விழுந்தபோது அந்தக் கூலி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"கூலி குடுத்தாலும் இந்த வாரம் முடியாதுண்ணா. கையில வேற வேலை இருக்கு."

"அப்ப நான் யாரோவா?"

"அண்ணனா வந்தா உட்காருங்க, டீ போடறேன். துணியோட வந்தா வரிசையில வாங்க."

காஜா அக்கா சத்தமில்லாமல் ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அண்ணன் ஸ்டூலையே பார்த்தார். உட்காருங்களேன் என்று தங்கையின் மனசு கெஞ்சியது. இத்தனை வருஷத்தில் அவர் இந்தக் கடையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நின்றபடியே மூட்டையைப் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம்.

"நன்றி கெட்டவ" என்று சொல்லிவிட்டுப் பர்ஸை எடுத்துக்கொண்டார். மூட்டையைத் தானே தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். திரும்பிப் பார்ப்பார் என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கார் போய்விட்டது.

"விடு, கோவம் ஆறினா தங்கச்சியத் தேடி வருவாரு" என்றாள் காஜா அக்கா.

தையற்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

"அவருக்குத் தங்கச்சி வேணாம்க்கா. கடனாளிதான் வேணும். அவ நேத்தோட செத்துப் போயிட்டா."