கத்தி யார் கையில்

அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவருக்கு ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை. நூறு வருஷத்து நாவல் ஒன்றை மறுபடி போடுகிறார்கள். அட்டையில் அவர் முகம். மகள் வகுப்புக்கு அதுதான் பாடப் புத்தகம்.

கதையில் ஒரு வெள்ளைக்கார எசமான், ஒரு கறுப்பு வேலைக்காரன். ஓவியர் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. கறுப்புக்கு மெஷின்காரரையும் வெள்ளைக்கு முதலாளியையும் நிற்க வைத்து வரைந்து, மெஷின்காரர் கையில் ஒரு கத்தியையும் சொருகிவிட்டார்.

பாரம் மடிக்கும் அக்காதான் குட்டையைக் குழப்பினாள். பாரம் என்றால் பதினாறு பக்கம் அச்சான ஒரு தாள்; அதை மடிக்கிற வேகத்திலேயே வாசித்துவிடுகிற கண் அவளுக்கு.

"என்னண்ணே, கத்தியோட நிக்கிறீங்க? கொலை பண்றவன் எசமான். ஏழாம் பாரத்துல நெருப்புல பாய்ஞ்சு அவன் குழந்தையைத் தூக்கிட்டு வர்றவன்தான் கறுப்பன்."

மெஷின்காரருக்கு நாற்பது பிள்ளைகள் மகளைச் சுற்றி நின்று, "உங்கப்பாவா கொலைகாரர்?" என்று கேட்பது காதிலேயே விழுந்தது. மை துடைத்த துணியோடு ஓவியரிடம் பாய்ந்தார்.

"யோவ், படிக்காமலே என்னைக் கொலைகாரனாக்கிட்டியே!"

"நிறத்துக்குக் கத்தி பொருத்தமா இருந்துச்சுண்ணே."

"நீ மட்டும் என்ன, சுண்ணாம்புலயா குளிச்சிட்டு வந்தே?"

ஓவியர் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இந்த அட்டை என் மெஷின்ல ஏறாது," என்று சுவிட்சை அணைத்துவிட்டார் மெஷின்காரர்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "கத்தியை மாத்தணும்னா, யார் கைக்கு?"

எல்லார் கண்ணும் அவர் மேல்தான். முதலாளி நாவலின் அச்சான தாள்களைப் படிக்க அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் தூங்காத முகத்தோடு மடிக்கும் அக்காவிடம் வந்தார்.

"ஏம்மா, அந்த வெள்ளைக்காரன் கொஞ்சமாவது நல்லவனா வர்றது எந்தப் பாரம்?"

"அப்படி ஒரு பாரம் நாங்க மடிக்கலையே முதலாளி."

முதலாளி பெருமூச்சு விட்டார். "சரி, கத்தி அவன் கைக்கே போகட்டும். என் மூக்கை மட்டுமாவது மாத்துய்யா."

சாயங்காலம் புது அட்டை வந்தது. எசமான் கையில் கத்தி. முகத்தில் யாருடையதோ ஒரு மூக்கு. மெஷின்காரர் கையில் குழந்தை. அவர் முகம் மலர்ந்தது, உற்றுப் பார்த்ததும் சுருங்கியது.

"குழந்தை என்ன, பால்ல பிசைஞ்ச மாதிரி இருக்கு?"

"எசமான் குழந்தைதானே அண்ணே!"

"மக தப்பிச்சா. அவ அம்மா இது யார் குழந்தைன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்று சொல்லிக்கொண்டே மெஷின் சுவிட்சைத் தட்டிவிட்டார்.